ஒரே சப்ரெசரா, மூன்று தனித்தனியா? ஹைப்ரிட் 46எம் பற்றிய விமர்சனம்

அமெரிக்காவில் 1934-இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் ஒவ்வொரு சப்ரெசருக்கும், அதாவது பேரல் முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் குழாய்க்கும், 200 டாலர் வரி போட்டது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யம். நான்காம் எண் படிவம் (பொருளை வாங்குபவர் பெயருக்கு மாற்றும் விண்ணப்பம்), கைரேகை, புகைப்படம், பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் முன்போலவே இருக்கின்றன. பணம் மட்டும் போய்விட்டது. "எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்துகிற ஒன்றை வாங்கு, போதும்" என்று கடைக்காரர்கள் இத்தனை காலம் சொல்லிவந்த அறிவுரையில் பாதிக்கு மேல் அந்த 200 டாலரை வைத்துத்தான். வரி போன பிறகு அந்த அறிவுரையில் எது மிச்சம் என்று பார்க்கத்தான் இந்த விமர்சனம்.

பல்பயன் பக்கத்துக்கு சைலன்சர்கோவின் ஹைப்ரிட் 46எம். எதிரே மூன்று தனிப் பொருட்கள் (.22, .30, .45 போன்ற எண்கள் அங்குலத்தில் குண்டின் விட்டத்தைக் குறிப்பவை): .22-க்கு டெட் ஏர் மாஸ்க், ரைஃபிளுக்கு டெட் ஏர் நோமேட் 30, கைத்துப்பாக்கிக்கு ரக்கெட் ஆப்சிடியன் 45. இதே வகையில் வேறு நல்ல பெயர்களும் உண்டு. இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். .22, அரைத்தானியங்கி ரைஃபிளான ஏஆர்-15, வேட்டை ரைஃபிள், 9 மி.மீ கைத்துப்பாக்கி என்று கலந்து வைத்திருப்பவருக்குத் தனித்தனியாக வாங்குவதே இப்போது சரி. .45-70 போன்ற பெருந்துளை ரைஃபிள் வைத்திருப்பவருக்கு ஹைப்ரிட் 46எம் இன்றும் மிக நல்ல பொருள். ஆனால் இரண்டு பேருக்கும் பொதுவான விதி ஒன்று இருக்கிறது: .22-க்கு உரியது எப்போதும் தனியாகத்தான் இருக்க வேண்டும்.

.22 ஏன் தனி

.22 எல்ஆர் தோட்டாக்களில் பெரும்பாலானவற்றுக்கு முழு உலோக உறை கிடையாது. மேலே மெழுகோ மெல்லிய செம்புப் பூச்சோ மட்டும் இருக்கும். சுடும்போது ஈயம், மெழுகு, எரியாத வெடிமருந்து மூன்றும் கலந்து பேஃபிள்களில் (உள்ளே வாயுவைத் தடுக்கும் துளையிட்ட தடுப்புகள்) படிந்து கல் மாதிரி இறுகிவிடும். சென்டர்ஃபயர் ரைஃபிளில் (.22-ஐவிட வலுவான தோட்டாக்களைச் சுடுவது) வரும் அழுத்தமும் சூடும் இந்தப் படிவின் ஒரு பகுதியையாவது ஊதித் தள்ளும்; .22-இல் அந்த வேகம் இல்லை. அதனால்தான் மாஸ்க் போன்ற .22 சப்ரெசர்களை வாங்கியவரே பிரித்துக் கழுவும்படி செய்திருக்கிறார்கள். டைட்டானியக் குழாய், உள்ளே எஃகு பேஃபிள்கள், எடை சுமார் 6.6 அவுன்ஸ், நீளம் 5 அங்குலத்துக்குச் சற்று மேல். முன்னூறிலிருந்து ஐந்நூறு குண்டுக்கு ஒருமுறை பிரித்தால் பேஃபிள்கள் சுலபமாக வெளியே வரும். ஆயிரத்தைத் தாண்டவிட்டால் குழாய்க்கும் பேஃபிளுக்கும் நடுவே ஈயம் புகுந்து பிடித்துக்கொள்ளும். பிறகு மரச்சுத்தியால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஹைப்ரிட் 46எம்-இன் உட்பகுதி பற்றவைத்தது. பிரிக்க முடியாது. அதில் .22 சுட்டால் ஈயம் உள்ளேயே தங்கும். எடை ஏறும், உள்ளே இருக்கும் கொள்ளளவு குறையும், கொள்ளளவு குறைந்தால் சத்தம் கூடும். பற்றவைத்த சப்ரெசர் எதை வாங்கினாலும் முதல் நாளே கிராம் காட்டும் தராசில் வைத்து எடையைக் குறித்துவைப்பது நல்லது. உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரிந்துகொள்ள அதைவிட எளிய வழி கிடையாது.

கழுவுவது பற்றி ஓர் எச்சரிக்கை. வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து பேஃபிள்களை ஊறவைக்கும் முறை இணையம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஈயம் கரைவது உண்மைதான். ஆனால் அது ஈய அசிட்டேட்டாக மாறி நீரில் நிற்கிறது. தோல் வழியாகவே உடம்பில் ஏறக்கூடிய விஷம் அது. சாக்கடையிலும் ஊற்றக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு, கரைப்பானில் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் தேய்ப்பது மெதுவான வழி, ஆனால் பாதுகாப்பான வழி. பேஃபிள் அலுமினியம் என்றால் காரமான சோப்புக் கரைசலையும் தவிர்க்க வேண்டும், உலோகத்தையே அரித்துவிடும்.

இன்னொரு ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது, பலரும் இதை உணர்வதில்லை. .22 எல்ஆர், 5.56 (ஏஆர்-15 சுடும் தோட்டா, .223 கிட்டத்தட்ட அதுவே), 9 மி.மீ மூன்றுக்கும் பேரல் முனையில் பெரும்பாலும் ஒரே 1/2-28 மரைதான். அதாவது .22 சப்ரெசர் ஏஆர்-15 மேல் அழகாகத் திருகி உட்கார்ந்துவிடும். குண்டின் விட்டமும் ஏறக்குறைய ஒன்றே, அதனால் துளை வழியாகப் போய்விடும் என்றே தோன்றும். ஆனால் .22 எல்ஆரின் அதிகபட்ச அறை அழுத்தம் 24,000 பிஎஸ்ஐ; .223-க்கு 55,000. அதோடு பின்னால் தள்ளிவரும் மருந்தின் அளவோ பல மடங்கு. சப்ரெசர் பிளந்துபோகும். 9 மி.மீ பேரலில் அதை மாட்டினால் .355 அங்குலக் குண்டு .22 துளைக்குள் நுழையப் பார்க்கும். ஒரே வீட்டில் பல சப்ரெசர்கள் வைத்திருப்பதில் இருக்கும் ஒரே பெரிய அபாயம் இந்த மாறாட்டம்தான். ஒவ்வொன்றின் மேலும் எதிரெதிர் நிறத்தில் வெப்பம் தாங்கும் பெயின்ட்டால் ஒரு வளையம் போட்டுவைக்கலாம். அதைவிட நல்லது, ரைஃபிள் சப்ரெசர்களை விரைவு மவுண்ட்டில் (பேரல் முனையில் நிலையாகப் பொருத்திய இணைப்பில் சட்டென மாட்டிக் கழற்றுவது) மட்டும் வைத்துக்கொண்டு, நேரடி மரையை .22-க்கு மட்டும் விட்டுவிடுவது. அப்போது ரைஃபிளில் மாற்றி மாட்டவே முடியாது. 1/2-28 மரையுள்ள 9 மி.மீ கைத்துப்பாக்கியில் மட்டும் கவனம் தேவை.

பெருந்துளையின் விலை

ஹைப்ரிட் 46எம் 9 மி.மீயிலிருந்து .45-70, .338 லாபுவா வரை ஏற்கும். முழு நீளம் சுமார் 7.7 அங்குலம், எடை 15 அவுன்ஸுக்கு அருகில். முன்பகுதியைக் கழற்றினால் சுமார் 5.8 அங்குலம், 12 அவுன்ஸ். டைட்டானியம், ஸ்டெல்லைட், இன்கோனெல் கலந்து செய்தது. அழுத்தம் அதிகம் தாக்கும் இடத்தில் கடினமான கலவையும் மற்ற இடங்களில் இலேசான உலோகமும் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பரந்த அழுத்த வரம்பைத் தாங்கி, கைத்துப்பாக்கியிலும் மாட்டக்கூடிய எடையில் இருப்பது சாதாரண வேலை இல்லை. அந்தப் பாராட்டை முழு மனதோடு சொல்ல வேண்டும்.

விலை கொடுக்க வேண்டிய இடம் துளை. சப்ரெசரின் வேலை, குண்டுக்குப் பின்னால் வரும் வாயுவைப் பிடித்து நிறுத்தி, மெதுவாக வெளியே விடுவது. குண்டுக்கும் துளைக்கும் இடையே உள்ள வளைய இடைவெளி எவ்வளவு பெரிதோ, அவ்வளவு வாயு குண்டோடு சேர்ந்தே நேராக வெளியேறிவிடும். .30 சப்ரெசரில் .308 குண்டு போகும்போது சுற்றிலும் அரை மில்லிமீட்டரோ அதற்குச் சற்று மேலோதான் இடைவெளி. .46 துளையில் 5.56 குண்டு போனால் ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டருக்கு மேல். .30 சப்ரெசரை 5.56-இல் மாட்டினால் தனி 5.56 சப்ரெசரைவிடப் பொதுவாக ஓரிரண்டு டெசிபெல் கூடும், காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. .46-ஐ மாட்டினால் வித்தியாசம் காதுக்கே தெரியும்.

இதற்குத் தீர்வாக முன்மூடி விற்கிறார்கள்: சிறிய கேலிபருக்கு ஏற்ற துளையுள்ள மூடியை முன்னால் போட்டுக்கொள்ளலாம். அது உதவும். ஆனால் அது எதை மாற்றுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கடைசித் துளை ஒன்றுதான் சுருங்குகிறது. உள்ளே வரிசையாக நிற்கும் பேஃபிள்கள் எல்லாம் .46 துளையோடு அப்படியேதான் இருக்கின்றன. மூடி மாற்றியதால் அது .30 சப்ரெசர் ஆகிவிடாது. மேலும், சிறு துளை மூடியைப் போட்டுவைத்துவிட்டு மறந்துபோய் .45-70 சுட்டால் மூடியும் போகும், சில வேளை குழாயும் போகும். துப்பாக்கி மாற்றும் ஒவ்வொரு முறையும் மூடியில் பொறித்துள்ள எண்ணைப் படிப்பதைப் பழக்கமாக்காமல் இந்தப் பொருளை வாங்கக் கூடாது.

பெருந்துளைக்கு ஒரு நன்மையும் உண்டு. வாயு முன்னால் எளிதாகப் போவதால் பின்னழுத்தம், அதாவது துப்பாக்கிக்குள் திரும்பி வரும் வாயு, குறைவு. ஏஆர்-15-இல் இறுக்கமான பழைய வடிவமைப்பு சப்ரெசர் மாட்டிச் சுட்டவருக்கு இதன் அருமை புரியும். வாயு, துப்பாக்கியின் பின்னால் உள்ள சார்ஜிங் ஹேண்டில் (போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும் பிடி) வழியாகக் கண்ணில் அடிக்கும். வெற்றுறைகள் மூன்று, நான்கு மணித் திசையில் விழுவதற்குப் பதிலாக ஒரு மணித் திசையில் முன்னோக்கிப் பறக்கும். போல்ட் வேகமாகப் பின்வாங்கி அடுத்த குண்டை எடுக்காமலே விட்டுவிடும். ஹைப்ரிட் 46எம்-இல் இந்தத் தொல்லை குறைவு, நோமேட் 30-இலும் அதன் அகலமான குழாயால் அப்படியே. அதையும் மீறி வந்தால், கார்பைன் பஃபரை (போல்ட்டின் பின்னால் உள்ள எடை) எடுத்துவிட்டு அதைவிடக் கனமான எச்2 பஃபர் போட்டுப் பார்க்கலாம். கேஸ் பிளாக் (போல்ட்டை இயக்க பேரலிலிருந்து வாயு எடுக்கும் பகுதி) சரிசெய்யக்கூடியது என்றால், முதலில் ஒவ்வொரு கிளிக்காக மூடிக்கொண்டே போக வேண்டும். மேகசினில் ஒற்றைக் குண்டு மட்டும் போட்டுச் சுடும்போது போல்ட் பின்னால் நிற்காமல் போகும் இடம் வரும். அங்கிருந்து திரும்ப இரண்டு கிளிக் திறந்து நிறுத்த வேண்டும். குளிர்காலத்திலும் அழுக்கேறிய நிலையிலும் ஓட அந்த இரண்டு கிளிக் தேவைப்படும். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு இந்தப் பிரச்சினை எதுவுமே கிடையாது.

.300 பிளாக்அவுட் (ஏஆர்-15 வகைத் துப்பாக்கியில் ஓடும் .30 தோட்டா) சப்சானிக், அதாவது ஒலி வேகத்துக்குக் கீழே ஓடும் குண்டு, சுடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒலி வேகம் 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு சுமார் 1,125 அடி. அதற்குக் கீழே ஓடும் 220 கிரெயின் குண்டில் காற்றைக் கிழிக்கும் வெடிப்பு இல்லை, அதனால் சப்ரெசர் விடும் ஒவ்வொரு டெசிபெலும் தனியாகக் கேட்கும். .46 துளை இங்கேதான் தோற்கிறது. அதே சப்ரெசரை ஒலி வேகத்தைத் தாண்டும் சூப்பர்சானிக் .308-இல் மாட்டினால், குண்டின் வெடிப்பொலி எல்லாவற்றையும் மூடிவிடும். துளை வித்தியாசம் அவ்வளவாகப் பொருட்டாகாது. ஆக, எந்தக் குண்டை அதிகம் சுடுகிறீர்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

கைத்துப்பாக்கியில் எப்படி

கிளாக் போன்ற கைத்துப்பாக்கிகளில் சுடும்போது பேரலின் பின்பக்கம் கீழே சாய்ந்துதான் பூட்டு விடும். முனையில் 10, 15 அவுன்ஸ் தொங்கினால் சாய்வது தடைபட்டு, துப்பாக்கி ஒரு குண்டோடு நின்றுவிடும். அதற்காகத்தான் நீல்சன் கருவி என்கிற பூஸ்டர்: ஒரு பிஸ்டனும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்து, சுடும் கணத்தில் சப்ரெசரின் எடையைப் பேரலிலிருந்து பிரித்துவிடும். பிஸ்டனின் மரை பேரலோடு பொருந்த வேண்டும். 9 மி.மீ என்றால் அமெரிக்கப் பேரல்களில் 1/2-28, பல ஐரோப்பியப் பேரல்களில் 13.5 மி.மீ இடக்கை மரை. .45 ஏசிபிக்கு .578-28. பிஸ்டனில் கிரீஸ் கொஞ்சமாகத் தடவினால் போதும்.

9 மி.மீ கார்பைன்களில் பேரல் அசையாது. அங்கே பூஸ்டர் ஸ்ப்ரிங்கோடு சுடுவது தவறு. ஒவ்வொரு குண்டுக்கும் சப்ரெசர் முன்னும் பின்னும் மோதி, பிஸ்டனும் உறையும் தேயும். ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டு நிலையான ஸ்பேசர் போட வேண்டும். இந்த ஸ்பேசரைப் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும், சில டாலர் பொருள்தான். அது இல்லாததால் பொருள் கெட்டு பழுதுக்குப் போவது சகஜம்.

இங்கே ஆப்சிடியன் 45-க்கும் ஹைப்ரிட் 46எம்-க்கும் உள்ள வித்தியாசம் எடையில்தான். ஆப்சிடியன் முழு நீளத்தில் 8.6 அங்குலம், 12.8 அவுன்ஸ், முன்பகுதியைக் கழற்றினால் 6.7 அங்குலம், 10.7 அவுன்ஸ். .45 ஏசிபிக்கு முழு நீளம், 9 மி.மீக்குக் குட்டை நீளம் போதும். ஹைப்ரிட்டின் உலோகம் .338 லாபுவாவைத் தாங்கச் செய்தது. அந்த வலுவைக் கைத்துப்பாக்கி முனையில் தூக்கிக்கொண்டிருப்பதில் பயன் எதுவும் இல்லை. குட்டை நீளத்தில் வைத்தால் பரவாயில்லை, ஆனால் பூஸ்டரைச் சேர்த்தால் எடை திரும்ப ஏறிவிடும். ஆப்சிடியனை மறுபக்கம் 5.56-இலோ .308-இலோ மாட்ட முடியாது. அது கைத்துப்பாக்கி அழுத்தத்துக்குச் செய்தது. கையேட்டில் பெயர் சொல்லி அனுமதித்த கேலிபர்களைத் தாண்டக் கூடாது.

எந்தச் சப்ரெசரானாலும் கைத்துப்பாக்கியில் நேரடி மரை தளர்ந்துகொண்டே வரும். ஒவ்வொரு மேகசின் முடிந்ததும் கையுறையோடு பிடித்து ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். தளர்ந்த அரைச்சுற்று போதும், குண்டு மூடியில் உரச. இன்னொன்றும் எதிர்பார்த்துக்கொள்ளலாம்: முதல் குண்டின் சத்தம் மற்றவற்றைவிடக் கூடுதலாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனில் மீதி மருந்து எரிவதால் வருவது அது. இரண்டாவது குண்டிலிருந்து அடங்கிவிடும். கைத்துப்பாக்கிக்கென்றே உள்ள சப்ரெசர்களில் சில மி.லி தண்ணீர் ஊற்றிச் சுட உற்பத்தியாளர் அனுமதித்திருந்தால் அது முதல் குண்டையும் அடக்கும். ரைஃபிளில் அதைச் செய்யவே கூடாது, அழுத்தம் எகிறும்.

மவுண்ட்: செலவு ஒளிந்திருக்கும் இடம்

சப்ரெசரின் பின்புற மரை இப்போது பெரும்பாலும் ஹப் என்னும் 1.375-24 மரைக்கு வந்துவிட்டது. இந்த மரை இருந்தால் எந்த நிறுவனத்தின் மவுண்ட்டையும் அதில் போடலாம். நோமேட் 30 இந்த வகை. ஹைப்ரிட் 46எம் சைலன்சர்கோவின் சொந்த சார்லி மரையில் வருகிறது. ஹப் மவுண்ட் போட வேண்டுமென்றால் நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும். ஓர் அடாப்டர் என்றால் இன்னொரு இணைப்பு. இணைப்பு கூடக்கூட, நேர்கோடு தவறும் வாய்ப்பும் கூடும்.

பல்பயன் சப்ரெசர் வாங்குபவர்கள் கணக்கில் விடுவது இதைத்தான். ஒவ்வொரு ரைஃபிளுக்கும் ஒரு மசில் டிவைஸ் (சப்ரெசர் மாட்ட பேரல் முனையில் திருகும் இணைப்பு), சுமார் 80 முதல் 120 டாலர். ஒவ்வொரு கைத்துப்பாக்கி மரைக்கும் ஒரு பிஸ்டன், ஏறக்குறைய அதே விலை. பூஸ்டர் உறை தனி. இரண்டு மூன்று முன்மூடிகள் தனி. கடைக்குக் கடை விலை மாறும், இருந்தாலும் ஓர் உத்தேசக் கணக்கு: ஹைப்ரிட் 46எம் சுமார் 1,000 டாலர், துணைப் பொருட்கள் 500, மொத்தம் 1,500. மறுபக்கம் மாஸ்க் 450, நோமேட் 900, ஆப்சிடியன் 850, மொத்தம் 2,200. பழைய வரியைச் சேர்த்தால் ஒன்றுக்கு 1,700, மூன்றுக்கு 2,800, வித்தியாசம் 1,100. வரி போன பிறகு வித்தியாசம் 700. .22 வைத்திருப்பவர் ஹைப்ரிட் வாங்கினாலும் மாஸ்க்கையும் வாங்கத்தான் வேண்டும். அதைச் சேர்த்துப் பார்த்தால் 1,950-க்கு எதிராக 2,200. மிச்சம் வெறும் 250 டாலர். தனிச் சப்ரெசர்களுக்கும் மசில் டிவைஸ் செலவு உண்டு என்று இந்தப் பக்கம் இன்னும் 200 சேர்த்தாலும், முடிவு மாறும் அளவுக்குத் தொகை வராது.

பணத்தைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. ஒரே சப்ரெசர் பழுதுக்குப் போனால் வீட்டிலுள்ள எல்லாத் துப்பாக்கிகளும் வெறுமனே நிற்கும். ரேஞ்சில் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் சுட வேண்டுமென்றால் ஒன்று போதாது. பதிவு பெற்றவர் உடன் இல்லாமல் அதை இன்னொருவரிடம் கொடுத்தனுப்பவும் முடியாது. டிரஸ்ட் (பலர் சேர்ந்து உரிமை வைத்திருக்கும் சட்ட ஏற்பாடு) பெயரில் பதிந்து, வீட்டார் இருவரையும் அதில் சேர்த்திருந்தால்தான் யாரும் எடுத்துச் செல்லலாம். தனித்தனியாக வாங்குபவர்கள் முதல் படிவத்திலேயே டிரஸ்ட்டை முடிவுசெய்துகொள்வது நல்லது. பின்னால் தனிநபர் பெயரிலிருந்து மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் மறுபடி படிவம் போட வேண்டும்.

நேர்கோடு

எந்தச் சப்ரெசரையும் புதுத் துப்பாக்கியில் மாட்டினால், முதல் குண்டுக்கு முன் அலைன்மென்ட் ராட் போட்டே தீர வேண்டும். பேரலின் கேலிபருக்கு ஏற்ற, நேர்த்தியாகக் கடைந்த எஃகுக் கம்பி அது. துப்பாக்கி காலி என்று இருமுறை பார்த்து, போல்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, சப்ரெசரை இறுக்கி, கம்பியை முன்மூடி வழியாகப் பேரலுக்குள் மெதுவாக விட வேண்டும். இப்போது மூடியை நேராகப் பார்த்தால் கம்பியைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். அந்த வளையம் எல்லாப் பக்கமும் ஒரே அகலமாக இருந்தால் சரி. ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் தடித்திருந்தால், மெலிந்த பக்கம் கம்பிக்கும் விளிம்புக்கும் இடையில் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இருக்க வேண்டிய இடைவெளியில் பாதிகூட இல்லை என்றால் சுடக் கூடாது. சப்ரெசரை கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிப் பார்த்தால், கோணல் அதோடு சேர்ந்து சுற்றுகிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்று தெரியும். சேர்ந்து சுற்றினால் சப்ரெசரிலோ மவுண்ட்டிலோ குறை. நின்ற இடத்திலேயே நின்றால் பேரல் முனை மரை கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது. அதைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

கோணலுக்கு முதல் காரணம் கிரஷ் வாஷர். மசில் டிவைஸோடு இலவசமாக வரும் இந்த வாஷர் நசுங்கும்போது ஒரே சீராக நசுங்காது. சப்ரெசர் மவுண்ட்டுக்குக் கீழே அதைப் போடவே கூடாது, தட்டையான ஷிம்களைத்தான் (மெல்லிய உலோக வளையங்கள்) போட வேண்டும். மவுண்ட்டை நிலையாக ஒட்ட ராக்செட் என்ற பசை நல்லது: சூட்டைத் தாங்கும், கழற்ற வேண்டுமென்றால் தண்ணீரில் ஊறவைத்தால் விட்டுவிடும். சிவப்பு லாக்டைட் ரைஃபிள் சூட்டில் இளகிப்போகும்.

இந்த ஓர் அம்சத்தில் பெருந்துளை உண்மையிலேயே மன்னிக்கும். 5.56 பேரலில் கொஞ்சம் கோணல் இருந்தாலும் .46 துளையில் குண்டு உரசாமல் போய்விடும். தொழிற்சாலையில் மரை வெட்டிய மலிவு விலைப் பேரல்களை வைத்திருப்பவர்களுக்கு அது நிம்மதிதான். அதற்காகக் கம்பி போட்டுப் பார்க்காமல் விடுவது தவறு.

யாருக்கு எது

வேட்டைக்காரர், .45-70 லீவர் ஆக்‌ஷன், .308 போல்ட், எப்போதாவது 9 மி.மீ என்று வைத்திருந்தால் ஹைப்ரிட் 46எம் வாங்கலாம். .45-70-க்கு .30 சப்ரெசர் எதுவுமே ஆகாது, பெருந்துளை ஒன்று எப்படியும் தேவை. மூன்று முதல் ஐந்து குண்டு சுட்டு முடித்துவிடும் வேட்டையில் சூடும் பிரச்சினை இல்லை. நடந்துபோகும்போது குட்டை நீளம், ரேஞ்சில் முழு நீளம் என்று மாற்றிக்கொள்ளலாம். நீளம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். இரண்டு நிலையிலும் 100 கஜத்தில் சுட்டுப் பார்த்து, எவ்வளவு மேலே, எவ்வளவு பக்கவாட்டில் என்று ஸ்டாக்கில் ஒரு சீட்டு ஒட்டிவைக்க வேண்டும்.

ஏஆர்-15-உம் .300 பிளாக்அவுட்டும் முதன்மை என்றால் நோமேட் 30, அதோடு மாஸ்க். இந்த இரண்டே பெரும்பாலோரின் தேவையை முடித்துவிடும். கைத்துப்பாக்கிக்கு மூன்றாவது அவசரமில்லை. 147 கிரெயின் சப்சானிக் 9 மி.மீ நிறையச் சுடுபவர் மட்டும் ஆப்சிடியனைச் சேர்த்துக்கொள்ளலாம். நிறைய குண்டுகளை வேகமாகச் சுடும் பழக்கம் இருந்தால் முழு டைட்டானிய சப்ரெசர்களைத் தவிர்க்க வேண்டும். சூடேறினால் டைட்டானியம் வலு இழக்கும், தீப்பொறியும் பறக்கும். குட்டைப் பேரலுக்குக் கையேட்டில் குறைந்தபட்ச நீளம் எழுதியிருக்கும், 5.56-க்கு அந்த எண்ணைப் படிக்காமல் 10 அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது.

எது வாங்கினாலும் காதுக்கவசம் வேண்டும். சப்ரெசர் இல்லாத .308 சுமார் 165 டெசிபெல். நல்ல சப்ரெசர் அதை 135-இன் அருகே கொண்டுவரும், அதாவது 140 என்ற உடனடிக் காதுக்கேட்டு வரம்புக்குச் சற்றுக் கீழே. கூரை போட்ட ரேஞ்சில் பக்கத்தில் நிற்பவர் அடிக்கும் சத்தத்துக்கும் இதே வரம்புதான்.

கலிஃபோர்னியா, டெலவேர், ஹவாய், இல்லினாய், மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, நியூயார்க், ரோட் ஐலண்ட் ஆகிய எட்டு மாநிலங்களில் தனிநபர் சப்ரெசர் வைத்திருக்கவே முடியாது. மற்ற மாநிலங்களில் வாங்குபவர்கள் ஒன்றுக்கு மேல் வாங்குவதென்றால் படிவங்களை ஒரே நாளில் சேர்த்து இ-ஃபார்மில் (இணையவழி விண்ணப்பம்) போடச் சொல்லிக் கடையில் கேட்கலாம். கைரேகையும் புகைப்படமும் ஒருமுறை எடுத்தது எல்லாவற்றுக்கும் போதும். கையில் வாங்கும்போது பொருளின் வரிசை எண்ணைப் படிவத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, முன்மூடியும் பின்மவுண்ட்டும் அங்கேயே கழன்று வருகின்றனவா என்று திருகிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். தொழிற்சாலையில் அதிகமாக இறுக்கிய மூடிகள் வருவதுண்டு. அவற்றைக் கழற்றச் சரியான ஸ்பேனர் கடையில் இருக்கும், வீட்டில் இருக்காது.